கேள்வி-பதில்: செங்கற்சூளைப் பேட்டையின் சந்துகளும் மனிதர்களும்

சென்ற மாதம், வேலை தேடித் தலைநகருக்குப் போகும் நம் பிள்ளைகளைப் பற்றி எழுதியபோது கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பேட்டையின் பெயரை ஒரே ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. பேராவின் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு கோலாலம்பூரைப் பற்றி எழுத உமக்கு என்ன தகுதி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இளமையில் இரண்டு ஆண்டுகள் அங்கே ரயில்வே குவாட்டர்ஸில் உறவினர் வீட்டுத் திண்ணையில் படுத்து எழுந்தவன் என்பது தவிர வேறு தகுதி எனக்கு இல்லை. மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை அந்தப் பேட்டையைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கேள்வி: ஐயா, என் மகளுக்குக் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் அருகில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்து, பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அந்த இடத்தை எல்லாரும் 'லிட்டில் இந்தியா' என்கிறார்கள். அது தொடக்கம் முதலே நம்மவர்களுடைய இடம்தானா? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: இல்லை அம்மா. பெயரில் உள்ள 'பிரிக்' நம் செங்கல்தான். ஆனால் சூளை நம்முடையது அன்று. 1881-ஆம் ஆண்டு கோலாலம்பூருக்குப் பொல்லாத ஆண்டாக இருந்தது. தொடக்கத்தில் தீயும் முடிவில் வெள்ளமும் வந்து, பலகைச் சுவரும் அத்தாப்பு (ஓலை) கூரையுமாக இருந்த ஊரைத் துடைத்துப் போட்டன. மறு ஆண்டு, கோலாலம்பூர் அடங்கிய சிலாங்கூருக்கு பிரிட்டிஷ் ரெசிடெண்டாக (சுல்தானுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரியாக) வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனி எழும்பும் கட்டடங்கள் செங்கல்லும் ஓடுமாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். செங்கல்லுக்குக் களிமண் வேண்டும், தண்ணீர் வேண்டும், எரிக்க விறகு வேண்டும், சுட்டெடுத்ததை ஊருக்குள் ஏற்றிச் செல்லும் தூரமும் குறைவாக இருக்க வேண்டும். ஊருக்குத் தெற்கே கிள்ளான் ஆற்றை ஒட்டிக் கிடந்த நிலம் இதற்கெல்லாம் பொருத்தமாக அமைந்தது. சீனர்களின் தலைவராக இருந்த கப்பித்தான் யாப் ஆ லோய் அங்கே நிலம் வாங்கிச் செங்கல் தொழிலைத் தொடங்கினார். சூளை போட்டவர் சீனர், பெயர் வைத்தவர் ஆங்கிலேயர். சீனர்களோ இன்று வரை அந்த இடத்தைப் 'பதினைந்தாம் கல்' என்று பொருள்படும் தங்கள் மொழிப் பெயராலேயே அழைக்கிறார்கள்.

நம்மவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தது ரயில். நாட்டின் முதல் ரயில் 1885-இல் நம் பேரா மாநிலத்தில், தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடியது. மறு ஆண்டே கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கிய பாதையும் திறக்கப்பட்டது. பாதை வந்ததும் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் பெரிய யார்டு வந்தது. யார்டு வந்ததும் அதில் வேலை செய்கிறவர்களுக்குக் குடியிருப்பு வந்தது. தண்டவாளம் போடவும் கட்டை மாற்றவும் தமிழகத்திலிருந்து ஆட்களும், கணக்கெழுதவும் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளவும் யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்தவர்களும் வந்தார்கள். அவர்களோடு மலையாளிகளும் சிங்களவர்களும் வந்தார்கள். சூளைகளுக்காகவும் கடைகளுக்காகவும் வந்த சீனர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். 'லிட்டில் இந்தியா' என்ற பட்டமோ மிகவும் பிந்தியது. 2010 அக்டோபரில், அப்போதைய மலேசியப் பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் சேர்ந்து அதைத் தொடக்கிவைத்தார்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு பேட்டைக்கு நேற்று வைத்த பெயர் அது.

கேள்வி: பிரிக்பீல்ட்ஸ் என்பது ஒரே இடமா, பல பகுதிகள் சேர்ந்ததா? எந்தச் சாலையில் யார் இருந்தார்கள் என்று விளக்க முடியுமா? நான் இரண்டு முறை போயும் புடவைக் கடைகளைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. (ஆசிரியர், லிந்தாங்)

பதில்: ரப்பர் தோட்டத்தில் பிறந்தவருக்கு இதை விளக்குவது எளிது. நம் தோட்டங்களில் குன்றின் மேல் துரை பங்களா, அதற்குக் கீழே கிராணிமார் (எழுத்தர்) வீடுகள், பிறகு மண்டோர் (மேற்பார்வையாளர்) வீடு, அதன் பின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள், லயத்தின் கோடியில் கோயில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை என்று ஒரு வரிசை இருந்ததல்லவா? வீட்டின் அளவைப் பார்த்தே அதில் இருப்பவரின் சம்பளத்தைச் சொல்லிவிடலாம். பிரிக்பீல்ட்ஸும் அப்படித்தான் வளர்ந்தது. அரசாங்கமும் ரயில்வேயும் பதவிக்குத் தக்கபடி வீடு கொடுத்தன. அந்த வீடுகளைச் சுற்றி அவரவர் கோயிலும் கடையும் பள்ளியும் முளைத்தன. வேறுபாடு என்னவென்றால், தோட்டத்தில் ஒரு துரைக்குக் கீழே ஒரே வகை ஆட்கள் பெரும்பான்மையாக இருந்தார்கள். இங்கே ஒரு சந்து திரும்பினால் மொழி மாறும்.

கீழ்நிலை ஊழியர்களுக்கான குடியிருப்பில் பெயர் பெற்றது 'நூறு குவாட்டர்ஸ்'. ஜாலான் ரொசாரியோவுக்கும் ('ஜாலான்' என்றால் மலாயில் சாலை) ஜாலான் சான் ஆ தோங்குக்கும் இடையே, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1905-ஆம் ஆண்டுவாக்கில் எழுந்த வரிசை வீடுகள் அவை. நான் படுத்து எழுந்த திண்ணை அங்கேதான் இருந்தது. சுவர்கள் கனமானவை, பகலில் வெயில் உள்ளே எட்டாது. இரவில் யார்டில் பெட்டிகளை ஒன்றோடொன்று முட்டவிட்டுக் கோக்கும் ஓசை கேட்கும். முதல் பெட்டி முட்டிய சத்தம் அடுத்தடுத்த பெட்டிகளுக்கு ஓடிக் கடைசிப் பெட்டியில் போய் அடங்குவதற்குள் அலமாரியில் கவிழ்த்திருந்த தம்ளர்கள் லேசாக நடுங்கும். என் பெரியம்மா அந்த ஓசையை எண்ணிக்கொண்டே படுத்திருந்து, "இன்னிக்கு இருபத்தெட்டுப் பொட்டி" என்று சொல்லிவிட்டுத்தான் தூங்குவார். ரயில்வேயில் வேலை பார்த்தவர் பெரியப்பாதான் என்றாலும், கணக்கு பெரியம்மாவிடம் இருந்தது.

அங்கிருந்து ஜாலான் ஸ்காட் பக்கம் நடந்தால் காற்றில் வரும் தமிழே வேறாக இருக்கும். இலங்கைத் தமிழர்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய ஸ்ரீ கந்தசுவாமி கோயில் அங்கே இருக்கிறது. நல்லூர்க் கந்தனை மனத்தில் வைத்துக் கட்டியது என்பார்கள். உள்ளே போனால் அந்த ஒழுங்கும் அமைதியும் தெரியும். அதே சாலையில் வீர ஆஞ்சநேயருக்கும் ஒரு கோயில் உண்டு.

ஜாலான் பெர்ஹாலாவுக்குத் தனிப் பத்தி ஒதுக்க வேண்டும். மலாயில் 'பெர்ஹாலா' என்றால் வழிபாட்டுச் சிலை. அந்தத் தெருவுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. சிங்களச் சமூகத்தார் 1894-இல் தொடங்கிய சங்கத்தின் வழியாக எழுந்த பௌத்த மகாவிகாரை அங்கே இருக்கிறது. விசாக நாளில் விளக்குத் தேர்கள் அங்கிருந்துதான் புறப்படும். அன்று தெருவில் நிற்கும் கூட்டத்தில் சிங்களவரைவிடச் சீனரே அதிகம். 1952-இல் இலங்கையிலிருந்து வந்து, 2006-இல் மறையும் வரை அந்த விகாரையின் தலைமைத் துறவியாக இருந்த தம்மானந்த தேரர், ஆங்கிலத்திலேயே அறம் சொல்லி, சீன இளைஞர்களிடையே பௌத்தத்தை வேரூன்றச் செய்தவர். விகாரைக்குக் கூப்பிடு தூரத்தில் சக்தி விநாயகர் இருக்கிறார். சீனக் கோயிலும் இருக்கிறது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் தூண்டுதலால் 1981-இல் பிறந்து, பரதமும் இசையும் கற்பிக்கும் நுண்கலைக் கோயிலும் இந்தத் தெருவில்தான். அங்குள்ள அன்னலட்சுமி உணவகத்துக்குப் பெயர் வாங்கித் தந்த வழக்கம் ஒன்று உண்டு. சாப்பிட்டுவிட்டு மனம் சொல்வதைக் கொடுக்கலாம். மனம் சொல்வதைக் கொடுப்பது எவ்வளவு சங்கடமான வேலை என்பது கல்லாவின் முன் நின்றவர்களுக்குத் தெரியும்.

கிறிஸ்தவர்களை மறந்துவிடக் கூடாது. தமிழ் லூத்தரன் சபையாருக்கு சீயோன் ஆலயம், பெரும்பாலும் சீனக் கத்தோலிக்கர்கள் கூடும் செபமாலை அன்னை ஆலயம் (இது 1903-இல் தொடங்கியது), கேரளத்துச் சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபையாருக்குத் தனி ஆலயம் என்று மூன்று மொழியில் மணி அடிக்கும். தமிழ் முஸ்லிம்களுக்கு மதரசத்துல் கௌதியா சூராவ் (சிறு தொழுகையிடம்) உண்டு. ஜாலான் தம்பிப்பிள்ளையில் சீனக் கடைகளும் நம் சைவ உணவகங்களும் எதிரெதிரே நிற்கும். பீசாங் கோரேங் (பொரித்த வாழைப்பழம்) வாங்க வரிசை பிடித்து நிற்பவர்களில் மூன்று இனத்தாரையும் காணலாம். இருட்டிய பின் அந்தச் சந்தின் சில கட்டடங்களுக்கு வேறு பெயரும் நெடுங்காலமாக உண்டு என்பதை, பிள்ளைகளை அங்கே குடிவைக்கும் பெற்றோர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அதற்காகப் பேட்டை முழுவதையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

நீங்கள் பார்த்த புடவைக் கடைகள் ஜாலான் துன் சம்பந்தனின் முகப்பு மட்டுமே, ஆசிரியரே. அது அந்த வீட்டின் வாசல். மனிதர்கள் பின்கட்டில் இருக்கிறார்கள்.

கேள்வி: நம் ஊர்க்காரரான துன் சம்பந்தனின் பெயர் அந்தச் சாலைக்கு எப்படி வந்தது? அவர் பிரிக்பீல்ட்ஸில் வாழ்ந்தவரா? (இளைஞர், சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, அது முன்பு பிரிக்பீல்ட்ஸ் ரோடு என்றே இருந்த சாலை. பேட்டையின் முதன்மைச் சாலைக்கு, நாட்டின் முதல் அமைச்சரவையில் இருந்த இந்தியத் தலைவரின் பெயரைச் சூட்டினார்கள். அங்கே குடியிருந்ததற்காக அன்று. அவர் 1919-இல் பிறந்தது நம் சுங்கை சிப்புட்டில். 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்தார். மகாத்மா காந்தி கலாசாலையைக் கடந்து போகும்போதெல்லாம் அதை நிறுவியவர் யார் என்று உங்கள் வயதுக்காரர்கள் நினைக்கிறார்களா என்பது எனக்கு ஐயமே.

ஆனால் அந்தச் சாலைப் பெயருக்கும் நம் லயங்களுக்கும் உள்ள தொடர்பு இதைவிட ஆழமானது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுவிற்பனை செய்தார்கள். துண்டான தோட்டத்தில் பழைய ஆட்களுக்கு வேலையும் இல்லை, லயத்தில் இடமும் இல்லை. இதற்கு மாற்றாகத்தான் 1960-இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களிடமே பங்குப் பணம் திரட்டி, அவர்கள் வேலை செய்யும் மண்ணை அவர்களே வாங்கும்படி செய்வது திட்டம். கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அப்படி முதலில் வாங்கப்பட்டது. அந்தச் சங்கம் எட்டாத தோட்டங்களின் பிள்ளைகள்தான் பிற்காலத்தில் மூட்டையோடு நகரத்துக்குப் பேருந்து ஏறினார்கள். அவர்களில் பலர் இறங்கி, முதலில் வேலை கேட்டு நடந்த சாலைக்கு அவர் பெயரே அமைந்தது ஒரு விசித்திரமான பொருத்தம்தான்.

கேள்வி: பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு கோயில், நம்மவருக்கு ஒரு கோயில் என்று ஏன் இருந்தது? இருவரும் தமிழர்தானே? (வாசகர், செம்மோர்)

பதில்: கேட்கக் கூசும் கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள், பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். மிஷனரிப் பள்ளிகளில் ஆங்கிலம் படித்து வந்தவர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். கங்காணியோடு வந்தவர்கள் வெயிலில் நின்றார்கள். வெள்ளைக்காரனுக்கு இந்த ஏற்பாடு வசதியாக இருந்தது. மேசையில் இருந்தவருக்கும் அது கசக்கவில்லை. நம் தோட்டத்திலும் கிராணியார் பிள்ளையும் லயத்துப் பிள்ளையும் ஒரே பள்ளிக்குப் போகாத காலம் இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். கோயில் முறைகளிலும் வேறுபாடு உண்டு. இலங்கைச் சைவர்கள் ஆகம ஒழுங்கில் கறாரானவர்கள். நம்மவர்கள் காளியையும் முனியாண்டியையும் ஊரிலிருந்து கூடவே அழைத்து வந்தவர்கள்.

ஆனால் கதை அங்கேயே நிற்கவில்லை. 1904-இல் எழுந்த விவேகானந்தர் ஆசிரமத்தை இலங்கைத் தமிழர்கள்தாம் முன்னின்று உருவாக்கினார்கள். அந்தப் பெயரில் வளர்ந்த தமிழ்ப்பள்ளியில் இரு சாராரின் பிள்ளைகளும் படித்தார்கள். நான் அங்கே இருந்த காலத்திலேயே கல்யாணங்கள் கலக்கத் தொடங்கியிருந்தன. பெரியம்மா வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி நடந்த ஒரு கல்யாணத்தில், பெண் வீட்டார் சொதி வைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் ரசம் கேட்டார்கள். இரண்டும் பந்தியில் வந்தன. சொதிதான் முதலில் தீர்ந்தது.

கேள்வி: கோலாலம்பூரின் உண்மையான இந்தியப் பகுதி பிரிக்பீல்ட்ஸா, மஸ்ஜித் இந்தியாவா? (வாசகி, கோலகங்சார்)

பதில்: மஸ்ஜித் இந்தியாப் பகுதி கடைத்தெரு; தமிழ் முஸ்லிம் வணிகர்கள் வளர்த்தது. அதற்குப் பக்கத்தில் லெபோ அம்பாங், செட்டியார்களின் வட்டிக்கடைத் தெரு. இந்த இரண்டும் மக்கள் போய் வரும் இடங்கள். பிரிக்பீல்ட்ஸும் செந்தூலும் மக்கள் குடியிருந்த இடங்கள்; இரண்டுமே ரயில்வே பெற்ற பிள்ளைகள். உங்கள் பணப்பையைக் கேட்டால் ஒரு பதில், உங்கள் பாட்டியைக் கேட்டால் வேறொரு பதில்.

கேள்வி: அங்கே நடைபாதை நடுவே மஞ்சள் நிறத்தில் மேடும் பள்ளமுமாகக் கற்கள் பதித்திருக்கிறார்களே, எதற்கு? என் செருப்பு இரண்டு முறை அதில் தடுக்கியது. (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: உங்கள் செருப்பைத் தடுக்கியது இன்னொருவருக்குக் கண். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் ஆற்றோரமாக, ஜாலான் தெபிங்கில் இருக்கிறது. அங்கே பயிற்சி பெற்ற பலர் உடம்பு பிடித்துவிடும் தொழிலை எடுத்துக்கொண்டு, சுற்றியுள்ள கடைவரிசைகளின் மாடிகளில் நிலையங்கள் நடத்துகிறார்கள். நீளக் கோடுகள் உள்ள கல் 'நேரே போ' என்று சொல்லும். புள்ளிகள் உள்ள கல் 'நில், இங்கே திருப்பமோ சாலையோ இருக்கிறது' என்று சொல்லும். அதைப் பாதத்தாலும் வெள்ளைக் கோலாலும் படிக்கிறார்கள்.

ஒரு முறை நான் அங்கே கோப்பிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, நம்மைவிட வேகமாக நடந்து வந்தார். கோட்டின் மீதே ஒரு மோட்டார் சைக்கிள் நிறுத்தப்பட்டிருந்தது. அவர் கோல் அதன் சக்கரத்தைத் தொட்டதும் நின்றார், கைப்பிடியைத் தடவினார், இருக்கையில் கைவைத்துச் சூடு பார்த்தார். பிறகு கடைப் பக்கம் திரும்பி, "இப்பத்தான் வெச்சிருக்கான், உள்ளதான் இருப்பான், எடுக்கச் சொல்லுங்க" என்றார். பரோட்டாவைப் பாதியில் விட்டு ஓடிவந்த இளைஞனின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆகவே தடுக்கினால் வைய வேண்டாம்; கொஞ்சம் தள்ளி நடங்கள்.

கேள்வி: அலங்கார வளைவுகளும் யானை நீரூற்றும் வைத்து இவ்வளவு அழகாக்கியிருக்கிறார்கள். நம்மவர்களில் சிலர் இன்னமும் குறை சொல்கிறார்களே, ஏன்? (வாசகர், தஞ்சோங் ரம்புத்தான்)

பதில்: அழகாக இருப்பதை யாரும் மறுக்கவில்லை ஐயா. 2015 நவம்பரில் இந்தியாவின் அன்பளிப்பாகத் திறக்கப்பட்ட தோரண வாயில், சாஞ்சி ஸ்தூபியின் வாயிலைப் போலச் செதுக்கப்பட்டது. அருகில் நின்று பார்த்தால் உளியின் நேர்த்தி தெரிகிறது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்கள் அந்தச் சாலையில் நடப்பது எனக்கும் பிடிக்கும். முறுக்கு வாசனையும் பூக்கடைத் தண்ணீரும் பட்டாசு விற்பவரின் பதற்றமும் வேறெங்கே கிடைக்கும்?

குறை சொல்கிறவர்களின் கணக்கு வேறு. யார்டு இருந்த 72 ஏக்கரில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. 2003-இல் மோனோரயில் தூண்கள் சாலையின் தலைக்கு மேல் ஏறின. 2014-இல் பேரங்காடி வந்தது. நிலத்தின் விலை ஏறியதும் பழைய குவாட்டர்ஸ்களின் முறை வந்தது. என் பெரியம்மா பெட்டி எண்ணிய நூறு குவாட்டர்ஸ் 2010-களின் நடுவில் இடிக்கப்பட்டது. சுண்ணாம்புச் சுவர் விழுவதைப் பார்க்கப் போகலாமா என்று தம்பி கேட்டான், நான் போகவில்லை. 2014-இல் விவேகானந்தர் ஆசிரமத்தின் நிலத்திலும் உயரமான கட்டடம் எழுப்பும் திட்டம் வந்தது. பழைய மாணவர்களும் பொதுமக்களும் விடாமல் எதிர்த்ததால், 2016-இல் அது மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுத் தப்பித்தது. நூறு குவாட்டர்ஸுக்கு அப்படிப் பேச ஆள் இல்லை. அங்கே இருந்தவர்கள் அரசு வீட்டில் குடியிருந்தவர்கள், ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியவர்கள். லயத்து வீட்டைக் காலி செய்த நமக்கு அந்த நிலை புரியும். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், மனிதர்களை அனுப்பிவிட்டு வளைவு வைத்த வரிசையில்தான் எனக்கு வருத்தமே தவிர, வளைவின் மீது எனக்குக் கோபம் இல்லை. வாடகை ஏறிய பின், அங்கே கடை வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் அங்கேயே தூங்குகிறார்கள் என்று உங்களுக்கு அறிமுகமான பூக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த பூக்காரர் விடியற்காலை நான்கு மணிக்குப் பூச்சோங்கிலிருந்து வருகிறார்.

கேள்வி: இளம் வயதில் பங்சாரில் பால்மரம் வெட்டியதாக எங்கள் பாட்டி சொல்வார். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பங்சார் பணக்காரர்கள் வாழும் இடமாயிற்றே? (வாசகி, எல்பில் தோட்டம்)

பதில்: சிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், பாட்டி சொல்வது நடந்திருக்கக்கூடியதே. பிரிக்பீல்ட்ஸுக்கு அடுத்த வீடுதான் பங்சார், அது ஒரு காலத்தில் முழுக்க முழுக்கத் தீம்பார், அதாவது தோட்டம். பெயரே தோட்டக்காரர்களின் பெயர். பங்கே என்பவரும் கிரிசார் என்பவரும் நடத்திய ஐரோப்பிய நிறுவனத்தின் கித்தா (ரப்பர்) தோட்டம் அங்கே இருந்தது. முன்னவர் பெயரின் தலையும் பின்னவர் பெயரின் வாலும் ஒட்டிக்கொண்டு 'பங்சார்' ஆயிற்று என்பதே வழங்கிவரும் விளக்கம். மலாய்ச் சொல் என்று நினைத்துப் பொருள் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். பங்சாரில் இன்றும் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. விலை உயர்ந்த வீடுகளுக்கு நடுவே அது எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், பள்ளி அங்கேயேதான் இருந்தது, வீடுகள்தான் பின்னால் வந்தன என்று சொல்லுங்கள். பாட்டியிடம் எந்த டிவிஷனில் வெட்டினார், பால் எடை போட்ட கொட்டகை எங்கே இருந்தது என்பதையெல்லாம் கேட்டு எழுதிவையுங்கள். ஆண்டு மறந்துபோனாலும் வெட்டு நிரையின் கணக்கு அவர்களுக்கு மறக்காது.

கேள்வி: ஆறாம் ஆண்டு மாணவர்கள் இருபது பேரை ஒரு நாள் பயணமாகப் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். எப்படிப் போவது, எதைப் பார்ப்பது? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்)

பதில்: பேருந்து வேண்டாம் டீச்சர். நம் நிலையத்திலேயே காலை ஈடிஎஸ் (மின்சார விரைவு) ரயில் ஏறுங்கள். சுமார் மூன்று மணி நேரத்தில் கேஎல் சென்ட்ரலில், அதாவது பழைய யார்டின் நடு மண்ணிலேயே இறங்கிவிடலாம். இறங்கிய இடத்தில் நிறுத்தி, இங்கேதான் ஒரு காலத்தில் பெட்டிகளைக் கோத்தார்கள் என்று சொன்னால் போதும், பிள்ளைகள் மீதியைக் கற்பனை செய்துகொள்வார்கள். பேரங்காடியில் நுழைந்தால் மதியம் வரை வெளியே கொண்டுவர முடியாது. வெளிச் சாலை வழியாகவே நடத்திச் செல்லுங்கள். முதலில் விவேகானந்தர் ஆசிரமத்தின் முகப்பு. பிறகு ஜாலான் பெர்ஹாலாவில் விகாரை, விநாயகர், சீனக் கோயில். அங்கிருந்து வந்த வழியே திரும்பி, ஜாலான் துன் சம்பந்தன் பெயர்ப்பலகையின் கீழ் ஒரு படம். கந்தசுவாமி கோயிலை முன்னதாகவே பார்த்துவிடுங்கள். நண்பகலுக்குப் பின் நடை சாத்திவிடுவார்கள். பகல் உணவுக்கு வாழையிலைச் சோறு போடும் கடைகள் நிறைய உண்டு. இருபது பேர் என்று முதல் நாளே சொல்லிவைத்தால் இடம் ஒதுக்கித் தருவார்கள். பிள்ளைகள் மஞ்சள் கோட்டின் மேல் வரிசையாக நடக்க ஆசைப்படுவார்கள், அதை மட்டும் தடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. அன்றைக்கு மட்டும் நாடா கட்டும் பள்ளிக் காலணி வேண்டாம். ஒரே தெருவில் மூன்று இடத்தில் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். இருபது பேருக்கு நாடா கட்டி முடிப்பதற்குள் திரும்பும் ரயில் போய்விடும்.